சி-ஆர்ம் ஓடும்போது எங்கே நிற்பது? ஒரு நர்ஸின் கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பாதியைப் படித்துவிட்டுப் பதில் போட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு அறுவை தியேட்டரில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறீர்கள். அநேகமாகத் தினமும் சி-ஆர்ம், அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டும் மெஷின், ஓடுகிறது. சர்ஜனுக்கும் ரேடியோகிராபருக்கும் பேட்ஜ் (மேலே படும் கதிர்வீச்சைக் கணக்கு வைக்கும் சின்ன அட்டை) உண்டு, உங்களுக்கு இல்லை. கேட்டால் "சாரே பக்கத்தில் நிற்கிறார், உனக்கென்ன வந்தது" என்கிறார்கள். "இந்த டாக்டர்களுக்கே கதிர்வீச்சைப் பற்றி எவ்வளவு தெரியும்? எங்களுக்கு யார், என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?" என்று முடித்திருக்கிறீர்கள். அதற்கு அடியில் எழுதாத இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த ஆறு வருடத்தில் எனக்கு ஏதாவது ஆகியிருக்குமா? அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் தணியாமல் மற்றது எதுவும் மண்டையில் ஏறாது.

நான் மருத்துவ இயற்பியலாளர். இருபத்து மூன்று வருட வேலையில் பாதிக்கு மேல் ஆர்எஸ்ஓ, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாகவும் இருந்திருக்கிறேன். டாக்டர் இல்லை. உங்கள் உடம்பில் ஏதாவது தொந்தரவு இருந்தால் அதற்கு நேரில் பார்க்கும் மருத்துவர்தான் பதில் சொல்ல முடியும். உங்கள் தியேட்டரையும் நான் பார்த்ததில்லை. கீழே வரும் எண்கள் தோராயமானவை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவை இல்லை.

சரி, கணக்கு. இடுப்பு எலும்புக்குச் சாதாரண முறையில் சி-ஆர்ம் ஓட்டும்போது நோயாளியின் தோலில் நிமிடத்துக்கு 20 மில்லிகிரே (கிரே என்பது உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் தாராளமான எண்தான். உங்கள் மேல் படுவது இந்த நேர்க்கற்றை இல்லை. நோயாளியின் உடம்பில் மோதிச் சிதறி வரும் மிச்சம். ஒரு மீட்டர் தள்ளி அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு 20 மைக்ரோகிரே (ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி). இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் பாதியாகக் குறையாது, கால்வாசியாகிவிடும்: 5. ஒரு ஆபரேஷனில் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் பெடலை அழுத்துகிறார்கள், வருடத்துக்கு 300 ஆபரேஷன் என்றால், இரண்டு மீட்டரில் ஏப்ரன் (ஈயம் வைத்த மேலங்கி) இல்லாமல் நிற்பவருக்கு 3 மில்லிசீவர்ட். (சீவர்ட் என்பது அந்தக் கதிர்வீச்சு உடம்பைப் பாதிக்கும் அளவின் அலகு. எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை கிரேயும் சீவர்ட்டும் ஒரே எண் என்று இங்கே வைத்துக்கொள்ளலாம்.) 0.25 மில்லிமீட்டர் லெட் ஏப்ரன் போட்டிருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே வராது. ஆக 0.3-க்குக் கீழே. அதே நர்ஸ் ஏப்ரன் போடாமல் ஒரு மீட்டரில் நின்றால் 12.

0.3, 12. நாற்பது மடங்கு வித்தியாசம். மெஷின் அதேதான், சர்ஜன் அவரேதான், நோயாளிகளும் அவர்களேதான். நின்ற இடமும் தோளில் கிடந்த ஏப்ரனும்தான் வேறு. பயிற்சி என்று நான் சொல்வதெல்லாம் இந்த நாற்பது மடங்கைப் பற்றித்தான்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? மண், காற்று, சாப்பாடு, வானம் இவற்றிலிருந்து உலகச் சராசரி மனிதனுக்கு வருடத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் சும்மாவே கிடைக்கிறது. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. நீங்கள் ஆறு வருடமும் ஏப்ரன் போட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்றிருந்தால் உங்கள் மொத்தக் கணக்கு, தலைக்கு ஒரு சிடி எடுத்த அளவுக்குள் அடங்கிவிடும். ஏப்ரன் பாதி நாள் கிடைக்கவில்லை, டேபிளை ஒட்டித்தான் நின்றேன் என்றால் கணக்கு பெரிதாகும். அப்போதும் பணியாளர் வரம்புக்குள் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் பேட்ஜ் இல்லாததால் இதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இந்தச் சின்ன அளவு உடம்பை என்ன செய்யும் என்பதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துவைக்க வேண்டும். சுமார் 100 மில்லிசீவர்டுக்கு மேல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் கிடைத்த அறிவு அது. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில்தான் வழக்கு. பாதுகாப்புக்காக, அளவு பாதியானால் அபாயமும் பாதி என்று ஒரு நேர்கோட்டைப் பூஜ்யம் வரை இழுத்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறோம். அந்தக் கோட்டின்படி 10 மில்லிசீவர்ட் வாங்கும் சுமார் 2,000 பேரில் ஒருவர் கூடுதலாகப் புற்றுநோயால் இறக்கலாம். 2023-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், சின்ன வயதில் சிடி எடுத்துக்கொண்ட ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வு, 10,000 குழந்தைகளுக்குச் சிடி எடுத்தால் அடுத்த பன்னிரண்டு வருடத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு அதனால் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்றது. மறுபக்கம், கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சே பல மடங்கு அதிகம் (நம் மணவாளக்குறிச்சியிலும் அதே மணல்தான்). அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களிடம் புற்றுநோய் கூடியிருப்பதாக 2009-ல் வெளியான பெரிய ஆய்வில் தெரியவில்லை. ஒரே அடியாக வாங்குவதும் சொட்டுச் சொட்டாக வாங்குவதும் ஒன்றா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. ‘எக்ஸ்ரே என்றாலே கேன்சர்’ என்பவரும் ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்பவரும் உங்களுக்குச் சொல்வது அறிவியல் இல்லை. அவரவர் சுபாவம்.

இப்போது டாக்டர்கள் விஷயம். நேரடியாகவே சொல்கிறேன்: ரேடியாலஜி, கதிர்வீச்சுச் சிகிச்சை, அணு மருத்துவம் ஆகிய துறைகளை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகத் தெரியாது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறை இல்லை. 2003-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. 130 டாக்டர்களிடம், பரிசோதனை ஒவ்வொன்றும் எத்தனை மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்று கேட்டார்கள். வந்த பதில்களில் 97 சதவீதம் உண்மை அளவைவிடக் குறைவு. அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிர்வீச்சு உண்டு என்று நினைத்தவர்கள் 5 சதவீதம், எம்ஆர்ஐ-யில் உண்டு என்று நினைத்தவர்கள் 8 சதவீதம். அதற்குப் பிறகு பல நாடுகளில் இதே மாதிரிக் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் இதே கதைதான். நான் வகுப்பெடுக்கப் போகும் இடங்களில் முதல் கேள்வியாக இதையே வைப்பேன்: வயிற்றுக்கு ஒரு சிடி எடுத்தால் எத்தனை மார்பு எக்ஸ்ரே? ‘பத்து’, ‘இருபது’ என்று குரல் வரும். மார்பு எக்ஸ்ரே 0.02 மில்லிசீவர்ட் என்று வைத்தால், 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரும் வயிற்றுச் சிடி நானூறு, ஐந்நூறுக்குச் சமம். அந்த எண்ணைச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

நம் ஊரில் இதற்கு மொழியும் ஒரு கை கொடுக்கிறது. அல்ட்ராசவுண்டும் ‘ஸ்கேன்’, சிடியும் ‘ஸ்கேன்’, எம்ஆர்ஐயும் ‘ஸ்கேன்’. ஒன்றில் ஒலி, ஒன்றில் எக்ஸ்ரே, ஒன்றில் காந்தம். மூன்றும் ஒரே பெயரில் புழங்குவதால், கர்ப்பிணி அல்ட்ராசவுண்டுக்குப் பயப்படுகிறார், தலைவலிக்காரர் சிடியை ரத்தப் பரிசோதனை மாதிரிக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ‘கரண்ட் வைக்கிறது’ என்று பெயர். எத்தனையோ பாட்டிகள் ஷாக் அடிக்கும் என்று நடுங்கிக்கொண்டே என் மெஷினுக்குள் வந்திருக்கிறார்கள். நோயாளி இப்படிப் பேசுவதில் தப்பே இல்லை. வார்டில் இருப்பவர்களும் அதே சொல்லை அதே மங்கலோடு பயன்படுத்துவதுதான் சிக்கல். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஒரு நோயாளியின் உறவினர், காந்தம் இழுத்ததில் இறந்துபோனார். அந்த மெஷினில் கதிர்வீச்சு கிடையாது. எந்த மெஷினில் எது ஆபத்து என்பது அறை வாசலில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அறியாமை எப்போதும் அலட்சியமாகத்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆளிடம் அது காலையில் பயமாகவும் மதியம் தைரியமாகவும் வரும். போர்ட்டபிள் எக்ஸ்ரே வண்டி ஐசியுவுக்குள் நுழைந்ததும் நர்ஸ்கள் மூன்று கட்டில் தாண்டி வராந்தாவுக்கு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு ஷாட், இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அதே நர்ஸ் மதியம் சி-ஆர்ம் தியேட்டரில் ஏப்ரன் இல்லாமல் நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஏனென்றால் அங்கே யாரும் ஓடவில்லை. நான் பார்த்த ஒரு சர்ஜன், பெயரும் ஊரும் வேண்டாம், கம்பி சரியான இடத்தில் போகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் பெடலை மிதித்தபடியே கையைக் கற்றைக்குள் விட்டுவிடுவார். திரையில் அவருடைய விரல் எலும்புகள் மோதிரத்தோடு தெரியும். வீட்டில் மகளுக்குப் பல் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று அவர்தான் என்னிடம் இரண்டு முறை போன் போட்டுக் கேட்டவர்.

பயமும் ஆளைக் கொல்லும். 1986-ல் செர்னோபில் விபத்து நடந்தபோது கிரீஸ் நாட்டில் பதிவான கூடுதல் கதிர்வீச்சு மிகச் சின்னது. ஆனாலும் டாக்டர்கள் பலருக்கு என்ன சொல்வதென்று தெரியாததால், வேண்டிப் பெற்றுக்கொள்ள இருந்த சுமார் 2,500 கர்ப்பங்கள் கலைக்கப்பட்டதாக அடுத்த வருடம் அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்தக் கேள்வி எனக்கு மாதம் ஒரு முறையாவது வரும்: கர்ப்பம் என்று தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள், கலைத்துவிடச் சொல்கிறார் டாக்டர், என்ன செய்ய? மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேர்வது 0.01 மில்லிகிரேக்கும் கீழே. இடுப்புப் பகுதிக்கே சிடி எடுத்தாலும் சராசரி 25-ஐச் சுற்றித்தான். 100 மில்லிகிரேக்குக் கீழே கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயம் இல்லை என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000-லேயே எழுதிவைத்துவிட்டது. இந்த மூன்று எண்களும் தெரியாத ஒரு டாக்டர் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைத் திருப்பிவிட முடியும். தெரிந்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவைப்பார்.

எதிர்ப்பக்கத்தில், ஆபத்து கண் முன்னால் இருந்தும் அடையாளம் தெரியாமல் போன கதை கொய்யானியா. பிரேசிலில் 1987 செப்டம்பரில், கைவிடப்பட்ட ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையத்திலிருந்து சீசியம்-137 இருந்த பாகத்தைப் பழைய இரும்புக்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள். வாந்தி, பேதி, தோல் கொப்பளம் என்று ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வெப்பமண்டல நோய் என்று பார்த்து அனுப்பினார்கள். கதிர்வீச்சாக இருக்குமோ என்று ஒரு மருத்துவருக்குச் சந்தேகம் தட்டி, ஒரு இயற்பியலாளர் மீட்டரோடு வந்து பார்ப்பதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான்கு பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 வந்து விழுந்தபோது நமக்கும் ஒரு உயிர் போனது. காரணம் தெரியாத வாந்தி, கூடவே ஆறாத தோல் புண், தொழில் பழைய இரும்பு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு கணம் நின்று யோசிக்கும் கேஷுவாலிட்டி டாக்டர் நமக்கு வேண்டும். அதற்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை.

மெஷினைத் தினமும் ஓட்டுபவர்களிடமும் ஓட்டை உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் 2008 பிப்ரவரியில் பக்கவாத நோயாளிகளுக்கான மூளைச் சிடி அமைப்பை மாற்றினார்கள். 18 மாதத்தில் 206 பேருக்கு, கிடைக்க வேண்டியதைப் போல எட்டு மடங்கு போனது. கண்டுபிடித்தது மெஷினும் இல்லை, அதிகாரியும் இல்லை. முடி கொட்டுகிறது என்று வந்து சொன்ன ஒரு நோயாளி. அத்தனை நாளும் டோஸ், அதாவது கதிர்வீச்சு அளவைக் காட்டும் எண் திரையில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து ‘இது ஏன் இவ்வளவு?’ என்று கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கலிபோர்னியா 2010-ல் சிடி டோஸை அறிக்கையில் எழுத வேண்டும் என்று சட்டமே போட்டது. நம்மூர்ச் சிடி மெஷின்களும் அந்த எண்ணைக் காட்டத்தான் செய்கின்றன. கேட்டுப் படிப்பவர்கள் குறைவு.

பயிற்சியே நடப்பதில்லையா என்றால், நடக்கிறது. 2004-ன் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி பணியாளர்களுக்கு ஆபத்தைச் சொல்லிப் பயிற்சி தருவது உரிமம் பெற்றவர், வேலை கொடுப்பவர் ஆகியோரின் பொறுப்பு. எக்ஸ்ரே கருவிகளுக்கென்று வாரியத்தின் தனி நெறிமுறை இருக்கிறது, 2016-ல் புதுப்பித்தார்கள். உரிமம் வாங்க ஆர்எஸ்ஓ இருந்தாக வேண்டும். எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. உலக அளவில் பார்த்தால் சர்வதேச ஆணையம் 2009-ல் இந்தப் பயிற்சிக்காகவே, யாருக்கு எவ்வளவு என்று பிரித்து, தனியாக ஒரு வெளியீடு கொண்டுவந்தது. 2012-ல் பான் நகரில் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து விட்ட அழைப்பிலும் பத்து அம்சங்களில் ஒன்று மருத்துவப் பணியாளரின் பயிற்சி. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் நேரில் பார்த்த நடைமுறை இப்படி: வருடத்துக்கு ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஏசி ஹாலில் அறுபது ஸ்லைடு. கையெழுத்து, சான்றிதழ், போட்டோ. தரச்சான்று ஆய்வுக்கு வருபவர்களுக்கு அந்த ஃபைல் போதும்.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. முதல் ஏழெட்டு வருடம் நர்ஸ்களுக்கு நான் ஒளிமின் விளைவும் காம்ப்டன் சிதறலும் நடத்தினேன். ஒருநாள் வகுப்பு முடிந்து ஒரு சீனியர் சிஸ்டர் பொறுமையாக வந்து, "தம்பி, எல்லாம் நல்லா இருந்துச்சு, நான் எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார். அதற்கப்புறம் ஹாலை விட்டுவிட்டேன். ஆபரேஷன் இல்லாத மதியம் பார்த்து தியேட்டருக்கே போவேன். டேபிளில் நோயாளிக்குப் பதிலாக ஒரு பெரிய தண்ணீர் கேன். எல்லாருக்கும் ஏப்ரன், கையில் சர்வே மீட்டர். சி-ஆர்மை ஓட்டச் சொல்லி, மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடக்கச் சொல்வேன். எண் எப்படிச் சரிகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். அப்புறம் மீட்டருக்கு முன்னால் ஏப்ரனைத் தொங்கவிட்டு ஒருமுறை. எக்ஸ்ரே கிளம்பும் ட்யூப் மேலே இருக்கும்படி மெஷினைத் திருப்பி ஒருமுறை. அப்போது நிற்பவரின் முகத்துக்கு நேரே எண் எகிறும். கீழே இருந்தால் சிதறலில் பெரும்பங்கு தரையையும் காலையும் நோக்கிப் போய்விடும். அரை மணி நேரம்தான். காம்ப்டன் பெயரையே நான் எடுப்பதில்லை.

யாருக்கு என்ன வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், எல்லாருக்கும் ஒரே வகுப்பு வைப்பது வீண். பரிசோதனை எழுதித் தரும் டாக்டருக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. இந்தப் படம் என் சிகிச்சையை மாற்றுமா, போன மாதம் வேறிடத்தில் எடுத்தது கையில் இருக்கிறதா, அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐயிலோ முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டால் பெரும்பகுதி முடிந்தது. சர்ஜனுக்கும் கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறை) டாக்டருக்கும் கை, கால் பழக்கம்தான் எல்லாம்: பெடலை விட்டு விட்டு அழுத்துவது, கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்திவைத்துப் பார்ப்பது, கற்றையை வேண்டிய இடத்துக்கு மட்டும் குறுக்குவது, மேலே இருக்கும் டிடெக்டரை நோயாளிக்கு ஒட்டினாற்போல் இறக்குவது. ஐந்து நிமிடம் ஆனதும் அலாரம் கத்தினால் அதை அணைக்கச் சொல்லிவிட்டு மறந்துபோவதும் ஒரு பழக்கம்தான், மாற்ற வேண்டியது. மயக்க மருந்து டாக்டர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நோயாளியின் தலைமாட்டை விட்டு அவர்களால் நகரவே முடியாது. அவர்களுக்கு ஒரு நகரும் தடுப்புப் பலகை, அறிவுரையைவிட அதிகம் உதவும்.

படித்ததையும் அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் இடுப்பில் ஈயத்துண்டு வைப்பது நல்லது என்று நானே பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். அதைப் பழக்கமாக வைப்பதை நிறுத்திவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-ல் அறிவித்தது. இன்றைய மெஷின்களில் பலன் அற்பம். துண்டு தவறான இடத்தில் விழுந்தால் படம் கெடும், அல்லது மெஷின் தானாகவே டோஸைக் கூட்டிவிடும். இது நோயாளிக்கு மட்டும். அறைக்குள் நிற்கும் உங்களுக்கு ஏப்ரன் கட்டாயம். கண் விஷயமும் அப்படி: லென்ஸுக்கான ஆண்டு வரம்பை 150-லிருந்து 20 மில்லிசீவர்டாகக் குறைக்கச் சர்வதேச ஆணையம் 2011-ல் பரிந்துரைத்தது, கேத் லேப் ஆட்களின் கண் லென்ஸில் மங்கல் தெரிந்ததை ஒட்டி. அது நல்ல ஆதாரம் உள்ள விஷயம். இதய டாக்டர்களுக்கு இடப்பக்க மூளைக்கட்டி அதிகம் என்று சுற்றும் செய்தியை அப்படிச் சொல்ல மாட்டேன். வந்தவை தனித்தனி நோயாளிகளின் விவரங்கள், அவற்றை வைத்துக் காரணம் கட்ட முடியாது.

பயிற்சி எத்தனை நாள் நிற்கும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கேன் வகுப்பு முடிந்த மாதம் எல்லாரும் இரண்டடி தள்ளி நிற்பார்கள். ஆறு மாதத்தில் பாதிப் பேர் பழைய இடத்துக்கு வந்துவிடுவார்கள். அளவு கூடினால் உடனே சத்தம் போடும் கையடக்க டோஸிமீட்டரைச் சர்ஜன் மாட்டிக்கொண்ட தியேட்டர்களில் பழக்கம் கொஞ்சம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. பேட்ஜ் மூன்று மாதம் கழித்து ஃபைலுக்குள் பேசுகிறது, டோஸிமீட்டர் அந்த நொடியே காதில் பேசுகிறது. ஆனால் இது நான் வேலை பார்த்த சில இடங்களின் அனுபவம், ஆய்வு இல்லை.

பேட்ஜ் பற்றிக் கடைசியாக, ஏனென்றால் நீங்கள் தொடங்கியது அதில்தான். சி-ஆர்ம் ஓடும் அறைக்குள் வழக்கமாக நிற்பவர் யாராக இருந்தாலும் பேட்ஜ் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நான் இருந்த இடங்களில் தியேட்டர் நர்ஸ்களுக்கு வாங்கியே கொடுத்தோம். சர்ஜன் பேட்ஜ் சர்ஜன் நின்ற இடத்தைத்தான் அளக்கும், உங்கள் இடத்தை இல்லை. "சாருக்கு இருக்கிறதே" என்பது, அவர் குடை பிடித்தால் நீங்கள் நனைய மாட்டீர்கள் என்பதைப் போல. அதே சமயம் பேட்ஜ் கவசம் கிடையாது, அது வெறும் கணக்குப்பிள்ளை. கிடைத்தால் ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் ஏப்ரனோடு தியேட்டரிலேயே தொங்கவிடாதீர்கள். ஒருமுறை ஒரு பேட்ஜில் மூன்று மாதத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது என்று விசாரணை வரை போனோம். ஆள் இரண்டு மாதம் பிரசவ விடுப்பில் இருந்திருக்கிறார், பேட்ஜ் மட்டும் சி-ஆர்ம் பக்கத்து ஆணியில் தொங்கி ஒழுங்காக டியூட்டி பார்த்திருக்கிறது.

உங்கள் மருத்துவமனையில் ஆர்எஸ்ஓ யார் என்று ரேடியாலஜியில் கேளுங்கள்; உரிமம் இருக்கிறது என்றால் அப்படி ஒருவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அவரிடம் பேட்ஜ் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாய்வழி கேட்டால் காற்றோடு போகும். கர்ப்பம் என்றால் உடனே அவரிடம் சொல்லுங்கள். அதன்பின் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், பணி இடத்தை அதற்கேற்ப மாற்றித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. நாளைக்குக் காலையில் ஏப்ரனை எடுக்கும்போது அது ஹேங்கரில் தொங்குகிறதா, ஸ்டூலில் மடித்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். மடித்தே கிடப்பது என்றால் மடிப்பு வாக்கில் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம், வெளியே தெரியாது. சி-ஆர்ம் வழியாகவே ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ரேடியோகிராபரிடம் சொன்னால் செய்து தருவார். கூடவே, இடுப்பு ஆபரேஷனின்போது ட்யூப் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, நீங்கள் எந்தப் பக்கம், எத்தனை அடியில் நிற்கிறீர்கள் என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். உங்கள் கணக்கை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டுச் சொல்கிறேன்.